மங்க் (தொலைக்காட்சித் தொடர்): நிறைகளும் குறைகளும்

மங்க் என்பது அமெரிக்காவின் யுஎஸ்ஏ நெட்வொர்க் தொலைக்காட்சியில் 2002 ஜூலை 12 முதல் 2009 டிசம்பர் 4 வரை ஒளிபரப்பான, நகைச்சுவை கலந்த துப்பறியும் தொடர். ஆண்டி பிரெக்மன் உருவாக்கிய இத்தொடரில் எட்டுப் பருவங்களும் 125 அத்தியாயங்களும் உள்ளன. ஏட்ரியன் மங்க் என்ற முன்னாள் காவல்துறைத் துப்பறிவாளராக டோனி ஷலூப் நடித்தார். நகைச்சுவைத் தொடரின் சிறந்த நடிகருக்கான எம்மி விருதை இவ்வேடத்துக்காக அவர் 2003, 2005, 2006 ஆகிய மூன்று ஆண்டுகளில் பெற்றார். ஏறத்தாழ ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஒரு கொலை நடக்கும் தொடர் ஒன்று நகைச்சுவைப் பிரிவில் விருது வாங்கியது என்பதே இதன் இயல்பை ஓரளவு சொல்லிவிடும்.

கதையின் அடிப்படை எளிது. மங்க் சான் பிரான்சிஸ்கோ காவல்துறையின் மிகச் சிறந்த துப்பறிவாளர். 1997 டிசம்பரில் அவருடைய மனைவி ட்ரூடி காரில் வைக்கப்பட்ட வெடிகுண்டால் கொல்லப்படுகிறார். சிறுவயது முதலே மங்கிடம் இருந்த எண்ணச் சுழற்சி நோய் (ஓ.சி.டி.) அந்த இழப்புக்குப் பின் கட்டுமீறிப் போகிறது. கிருமி, பால், உயரம், கூட்டம், மின்தூக்கி என அவர் அஞ்சாத பொருள் அரிது. பணியிலிருந்து விலக்கப்பட்ட அவர், ஒரு செவிலியரின் துணையுடன் காவல்துறைக்கு வெளியிலிருந்து வழக்குகளில் ஆலோசனை சொல்லி வாழ்கிறார். ஊரில் நடக்கும் எல்லாக் கொலைகளையும் கண்டுபிடிக்கும் அவரால் தம் மனைவியைக் கொன்றவர் யார் என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இத்தொடரை மதிப்பிடும் எவரும் ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. மனநோயால் துன்புறும் ஒருவரைப் பார்த்து எட்டு ஆண்டுகள் சிரித்தோமே, அது எத்தகைய சிரிப்பு? தொடரின் மிக நல்ல அத்தியாயங்களும் மிக மோசமான அத்தியாயங்களும் இந்தக் கேள்விக்கு வெவ்வேறு விடை தருகின்றன. (தொடரின் முடிவும் கீழே பேசப்படுகிறது. பார்க்காதவர்கள் அறிந்து படிக்கவும்.)

ஒரே ஊற்றிலிருந்து மூன்று

முதல் அத்தியாயத்தின் தொடக்கக் காட்சியைப் பார்த்தாலே தொடரின் பலம் விளங்கும். கொலை நடந்த வீடு. காவலர்கள் சூழ்ந்து நிற்க, மங்க் இரு கைகளையும் சட்டமிடுவது போல் முகத்துக்கு முன் உயர்த்தி அறையைச் சுற்றி வருகிறார். மற்றவர் கண்ணுக்குப் படாத தடயங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். இடையில் நின்று, வீட்டை விட்டுக் கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா என்று கவலைப்படத் தொடங்குகிறார். கொலையாளியைப் பற்றி அவருக்குச் சந்தேகமில்லை. அடுப்பைப் பற்றித்தான் சந்தேகம்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அறையில் ஒரு பொருள் இடம் மாறியிருப்பதைக் காணும் கண்ணும், அடுப்பை விட்டு நகர மறுக்கும் மனமும் வேறுவேறல்ல. எதையும் விட்டுவிட முடியாத ஒரே குணம்தான் அவருக்குத் தொழிலில் வெற்றியையும் வாழ்க்கையில் தோல்வியையும் தருகிறது. அதே குணம்தான் இறந்த மனைவியை மறக்க விடாமலும் வைத்திருக்கிறது. சிரிப்பு, துப்பறிதல், துயரம் மூன்றும் ஒரே ஊற்றிலிருந்து வருகின்றன. எந்த அத்தியாயத்தில் இம்மூன்றும் சேர்ந்து ஓடுகின்றனவோ அது சிறக்கிறது. சிரிப்பை மட்டும் தனியே இறைத்த அத்தியாயங்கள் உப்புச் சப்பின்றிப் போகின்றன.

இவ்வளவு மெல்லிய கயிற்றின் மேல் தொடர் கீழே விழாமல் நடந்ததற்குப் பெரும் காரணம் ஷலூப். சாலையோரக் கம்பங்களை வரிசையாகத் தொட்டுக்கொண்டு போய், ஒன்று விடுபட்டால் திரும்பி வந்து தொடும்போது அவர் முகத்தில் சிரிக்க வைக்கும் முயற்சியே தெரியாது. மங்குக்கு அது வேலை. செய்து முடித்தாக வேண்டும். யாரோ கை நீட்டினால் அவர் குலுக்குவார், குலுக்கிய மறுகணமே துணையாளரிடமிருந்து ஈரத்துடைப்பான் வாங்கித் துடைப்பார். எதிரில் நிற்பவரின் முகம் சுருங்குவதைப் பார்த்து அவர் கூனிக்குறுகும் அந்த அரை வினாடியை ஷலூப் ஒருபோதும் தவறவிடுவதில்லை. தாம் செய்வது பிறரைப் புண்படுத்துகிறது என்று மங்குக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. வேடிக்கையாகத் தொடங்கும் காட்சி இந்த இடத்தில்தான் கனக்கத் தொடங்குகிறது.

யார் என்பதல்ல, எப்படி என்பது

துப்பறியும் கதை என்ற வகையில் மங்க் ஷெர்லாக் ஹோம்சுக்கும் கொலம்போ தொடருக்கும் கடன்பட்டது. ஹோம்சின் கடனைத் தொடர் மறைக்கவே இல்லை. உடனிருந்து எல்லாவற்றையும் பார்க்கும் துணைவர், திறமை போதாத ஆனால் நேர்மையான காவல் அதிகாரி, தம்மைப் போலவே அறிவுகூர்மையும் வீட்டை விட்டு வெளிவராத வழக்கமும் கொண்ட அண்ணன் என்று எல்லாமே இருக்கின்றன. கொலம்போவிடமிருந்து பெற்றது கதை சொல்லும் முறை. பல அத்தியாயங்களில் கொலையாளி யார் என்று தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மங்க் ஒருவரைப் பார்த்து இவர்தான் ஆள் என்று சொல்லிவிடுவார். ஆனால் அந்த ஆள் கொலை செய்திருக்கவே முடியாது.

கொலை நடந்தபோது சந்தேக நபர் விண்வெளியில் இருந்தார். கோமாவில் கிடக்கும் ஒருவன் அஞ்சலில் வெடிகுண்டுகள் அனுப்புகிறான். உலகிலேயே வயது முதிர்ந்தவர்களில் ஒருவரான 115 வயதுக் கிழவர் கொல்லப்படுகிறார். சில மாதம் பொறுத்தால் தானே போய்விடக்கூடியவரை மெனக்கெட்டுக் கொல்வது யார், எதற்காக? (விடை, மண்ணில் புதைத்து வைக்கப்பட்ட ஒரு காலப்பேழைக்குள் இருக்கிறது.) இத்தகைய கேள்விகளைப் போடுவதில் முதல் நான்கு பருவங்களின் எழுத்தாளர்கள் கைதேர்ந்தவர்கள். கேள்வி ஒரே வரியில் அடங்கும். கேட்டவுடன் விடை வேண்டும் என்று மனம் துடிக்கும். இறுதியில் மங்க் நடந்ததை விவரிக்க, அது நிறம் மங்கிய காட்சிகளாகத் திரையில் ஓடும். வாரம்தோறும் இதே முறைதான். பழகிய பாட்டின் பல்லவி மீண்டும் வருவது போல, பார்வையாளர் அந்த இடத்துக்காகக் காத்திருந்தார்கள்.

புதிர் என்ற அளவில் குறைகள் பல உண்டு. தடயமாகப் போகும் பொருளைக் கேமரா தேவைக்கு அதிகமாக நெருங்கிக் காட்டிவிடுவதால் தேர்ந்த பார்வையாளர் பாதியிலேயே முடிவைப் பிடித்துவிடுவார். சிறப்புத் தோற்றத்தில் பெயர்பெற்ற நடிகர் ஒருவர் வந்தால் அவர்மேல் ஒரு கண் வைத்துக்கொள்வது நல்லது. மங்க் விடுமுறைக்குப் போனாலும், திருமணத்துக்குப் போனாலும், விமானம் ஏறினாலும் அங்கே ஒரு பிணம் காத்திருக்கும். எல்லாவற்றிலும் பெரிய குறை சான்றுகள். மங்க் சொல்லும் விளக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பல வழக்குகளில் அது ஊகம்தான். நீதிமன்றத்தில் ஒரு மணி நேரம் தாங்காது. அதனால் கொலையாளி தானே ஒப்புக்கொள்வான், அல்லது துப்பாக்கியை எடுத்து ஓடுவான். எழுதியவர்களின் வேலை அதோடு முடிந்துவிடும். நகைச்சுவைத் தொடரில் இதையெல்லாம் பார்க்கலாமா என்று கேட்கலாம். ஆனால் ஒரு சிறு நூலிழை இடம் மாறியிருந்தாலும் பொறுக்காத ஒருவரை நாயகராக வைத்துவிட்டு, அவருடைய வழக்குகளில் இத்தனை நூலிழைகளைத் தொங்கவிடுவது பொருத்தமாக இல்லை.

சுற்றியிருப்பவர்கள்

முதல் இரண்டரைப் பருவங்களில் மங்கின் துணையாக வரும் ஷரோனா ஃபிளெமிங் (பிட்டி ஷ்ராம்) படித்துப் பயிற்சி பெற்ற செவிலியர், தனியாக ஒரு மகனை வளர்ப்பவர், வாய்த்துடுக்கு மிக்கவர். மங்கை அவர் ஏட்ரியன் என்று பெயர் சொல்லி அழைப்பார், அதட்டுவார், சில நேரம் விட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்றாம் பருவத்தின் நடுவில் அவர் விலக, நடாலி டீகர் (டிரேலர் ஹவர்ட்) வந்தார். நடாலி கணவரைப் போரில் இழந்தவர், ஒரு பெண் குழந்தையின் தாய். அவர் கடைசி வரை மிஸ்டர் மங்க் என்றே அழைக்கிறார்.

இந்த மாற்றத்தைப் பற்றி ரசிகர்கள் இன்றும் இரு கட்சியாகப் பிரிந்து பேசுகிறார்கள். நடிப்பில் இருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவரல்லர். துணையை இழந்தவர் என்ற வகையில் நடாலிக்கு மங்கின் துயரம் புரியும்; அதனால் சில காட்சிகள் ஷரோனாவின் காலத்தில் இல்லாத மென்மையைப் பெற்றன. இழந்தது வேறொன்று. ஷரோனா ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்; எது நோயின் வேலை, எது வெறும் பிடிவாதம் என்று பிரித்துப் பார்த்து, பிடிவாதம் என்றால் விடமாட்டார். நடாலி சம்பளத்துக்கு வேலை செய்யும் உதவியாளர். அந்தச் சம்பளமும் ஒழுங்காக வராது. மங்கின் கஞ்சத்தனமும் தன்னலமும் பிற்பருவங்களில் அடிக்கடி நகைச்சுவைக்குப் பயன்பட்டதற்கு இந்த உறவு மாற்றம் ஒரு காரணம். எதிர்த்து நிற்க ஆளில்லாத இடத்தில் நாயகர் கெட்டுப்போகிறார்.

காவல்துறை இணையில் ஒருவர் வளர்ந்தார், ஒருவர் தேய்ந்தார். டெட் லெவின் நடித்த கேப்டன் ஸ்டாட்டில்மேயர் தொடக்கத்தில் மங்கின் மேல் எரிச்சலும் உள்ளூரப் பொறாமையும் கொண்டவர். மெல்ல மெல்ல நண்பராகிறார். மணமுறிவு, பின்னர் காதலித்த பெண்ணே கொலையாளி என்று தெரியவரும் கொடுமை, இறுதியில் ஒரு நல்ல மறுமணம் என்று அவர் வாழ்க்கை நகர்கிறது. தொடரில் காலம் உண்மையாகவே கடந்துபோவது இவர் முகத்தில்தான். ஜேசன் கிரே-ஸ்டான்ஃபோர்ட் நடித்த ரேண்டி டிஷரோ இதற்கு நேர்மாறு. மங்கின் முறைகளைச் சந்தேகிக்கும் இளம் அதிகாரியாக வந்தவர், இரண்டு மூன்று பருவங்களுக்குள் அசட்டுக் கோமாளியாகிவிட்டார். அப்படிப்பட்டவர் கொலைப் பிரிவில் எப்படி இருக்கிறார் என்ற கேள்விக்கு எழுத்தாளர்கள் விடை சொல்ல முயலவில்லை. கடைசியில் அவரை வேறொரு ஊரின் காவல்துறைத் தலைவராக்கி அனுப்பியது, செய்த பிழைக்குக் கொடுத்த இழப்பீடு போலத் தெரிகிறது.

தலைப்பிசையைப் பற்றி ஒரு செய்தி. முதல் பருவத்தில் ஜெஃப் பீல் அமைத்த கருவியிசை இருந்தது. இரண்டாம் பருவத்தில் அது நீக்கப்பட்டு ராண்டி நியூமனின் பாட்டு வந்தபோது பார்வையாளர் பலர் கோபமடைந்தனர். தொடர் அதையே ஒரு நகைச்சுவையாக்கியது. அதே பருவத்தின் அத்தியாயம் ஒன்றில், தொலைக்காட்சித் தொடர் மேல் பித்துப் பிடித்த ரசிகை ஒருத்தி மங்கிடம் தலைப்பிசை மாறியதைப் பற்றிப் புலம்புவாள். எந்த மாற்றத்தையும் தாங்காத ஒருவரைப் பற்றிய தொடருக்கு அதே குணமுள்ள ரசிகர்கள் அமைந்தது பொருத்தமே.

யாரைப் பார்த்துச் சிரிப்பது

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வரலாம். மங்கின் நோயை வைத்து இத்தொடர் இரண்டு வகை நகைச்சுவை செய்கிறது. முதல் வகையில் பார்வையாளர் மங்கின் பக்கம் நிற்கிறார். அவருக்கென்று ஓர் ஒழுங்கு இருக்கிறது; உலகம் அதைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது; அவர் விடாமல் சரிசெய்கிறார். கோணலாகத் தொங்கும் படத்தை நிமிர்த்த வேண்டும் என்று கை பரபரக்காதவர் யார்? தன்னிடம் சிறு அளவில் இருப்பதை அவரிடம் பெரிய அளவில் கண்டு சிரிக்கும் சிரிப்பில் இழிவு இல்லை. இரண்டாம் வகையில் மங்க் பிறருக்கு இழைக்கும் தொல்லையைப் பார்த்துச் சிரிக்கிறோம். இரண்டாவது வகை பிற்பருவங்களில் பெருகிவிட்டது.

ஐந்தாம் பருவத்தில் குப்பை அள்ளுவோர் வேலைநிறுத்தம் செய்யும் அத்தியாயம் இதற்கு எடுத்துக்காட்டு. நகரெங்கும் குப்பை மலைபோல் குவிய, மங்கின் மூளை குழம்பி, ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரைக் கொலையாளி என்று குற்றம் சாட்டுகிறார். தூசியே இல்லாத ஒரு தூய்மைக்கூடத்துக்கு அழைத்துச் சென்று உட்கார வைத்ததும் தெளிந்து வழக்கை முடிக்கிறார். முதல்முறை பார்க்கும்போது சிரிப்பு வருவது உண்மைதான். ஆனால் இங்கே நோய், பொத்தானை அழுத்தினால் எரிந்து அணையும் விளக்காகிவிட்டது. ஒரு வாரம் ஒரு படி ஏற முடியாதவர், கதைக்குத் தேவையென்றால் மறுவாரம் எதிலும் ஏறுவார். முதல் அத்தியாயத்தில் ஷரோனாவைக் காப்பாற்றச் சாக்கடைக்குள் இறங்கும்போது அச்சத்தை அன்பு வென்றது என்று ஏற்க முடிந்தது. பின்னால் அத்தகைய காரணம் எப்போதும் கிடைப்பதில்லை.

மருத்துவ நோக்கில் இன்னொரு குறையும் உண்டு. எண்ணச் சுழற்சி நோய்க்கு இன்று பரவலாகப் பரிந்துரைக்கப்படும் நடத்தைச் சிகிச்சை, அச்சம் தரும் பொருளை நோயாளி படிப்படியாக எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் சடங்கைச் செய்யாமல் பொறுத்திருக்கப் பழகுவதாகும். மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன. டாக்டர் க்ரோகரின் அறையிலோ பெரும்பாலும் நடப்பது பேச்சுதான். ஸ்டான்லி கமெல் அமைதியாகவும் கனிவாகவும் நடித்த அந்தக் காட்சிகள் பார்க்க இனியவை. 2008 ஏப்ரலில் அவர் மறைந்தபின் அந்த இடத்தை ஹெக்டர் எலிசாண்டோ நிரப்பினார். மருத்துவர் மாறியும் நோயாளி மாறவில்லை. மாறவும் முடியாது. மங்க் குணமானால் தொடர் முடிந்துவிடும். அடுத்த வாரமும் அவர் அஞ்சியாக வேண்டும். தொலைக்காட்சியின் தேவை நோயாளியைக் குணமாக விடவில்லை என்பதே இத்தொடரின் அடிப்படைச் சிக்கல்.

மூன்றாம் பருவத்தில் மங்க் மருந்து உட்கொள்ளும் அத்தியாயம் இச்சிக்கலை நேரடியாகத் தொட்டு, தவறான பக்கம் திரும்பியது. மருந்து வேலை செய்கிறது, அச்சங்கள் போகின்றன, கூடவே துப்பறியும் திறனும் போகிறது. மங்க் தாங்க முடியாத தற்பெருமைக்காரராகிறார். ட்ரூடியின் நினைவும் அவரை விட்டு விலகத் தொடங்க, மருந்தை நிறுத்திவிடுகிறார். நாடகம் என்ற வகையில் இறுதிக் காட்சி உருக்கமானது. ஆனால் இந்நோயுள்ள ஓர் இளைஞர் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார்? மருந்து உன்னை நீயல்லாமல் ஆக்கிவிடும், நோயே உன் அறிவு என்றுதானே? உண்மையில் இந்நோய் யாருக்கும் தனி ஆற்றலைத் தருவதில்லை. நாளில் பல மணி நேரத்தைத் தின்றுவிடுகிறது. இது வரமும் சாபமும் என்று மங்க் அடிக்கடி சொல்வதுண்டு. சாபத்தைப் பற்றிச் சொல்வது சரி. வரம் என்பது திரைக்கதையின் வசதி.

இவ்வளவு சொன்னபின், தொடர் தன்னையே வென்ற மூன்று அத்தியாயங்களைக் குறிப்பிடாமல் விடுவது நீதியாகாது.

ஒன்று, இரண்டாம் பருவத்தில் அண்ணன் ஆம்ப்ரோஸ் வரும் அத்தியாயம். ஜான் டர்டுரோவுக்கு எம்மி விருது பெற்றுத் தந்த வேடம் அது. பழம் வைத்துச் சுட்ட மூன்று பலகாரங்களுக்காக ஒருவன் ஏன் கொலை வரை போகிறான் என்பது வழக்கு. கேட்கவே வேடிக்கையாக இருக்கும். உள்ளே இருப்பது வேறு. ஆம்ப்ரோஸ் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வீட்டு வாசலைத் தாண்டாதவர். ட்ரூடி இறந்தபோது ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை என்று மங்க் அவருடன் பேச்சை நிறுத்தியிருக்கிறார். கடைசியில் காரணம் வெளிவருகிறது. ட்ரூடி அன்று காரை எடுத்தது ஆம்ப்ரோசுக்கு இருமல் மருந்து வாங்கத்தான். அவளைக் கொன்றது தானே என்று நம்பி அவர் இத்தனை ஆண்டுகள் குமைந்திருக்கிறார். ஒரே குற்ற உணர்வை இரண்டு அறைகளில் தனித்தனியே சுமந்த இரு சகோதரர்கள். பலகாரம், கொலை, நோய், துக்கம் நான்கும் ஒரே முடிச்சில் விழும் இடம் அது.

இரண்டாவது, ஐந்தாம் பருவத்தில் மங்கின் வாழ்க்கையைப் படமாக்க வரும் நடிகரைப் பற்றியது. வேடத்துக்குள் முழுதாகப் புகுந்துவிடும் அந்த நடிகராக ஸ்டான்லி டூச்சி நடித்து எம்மி விருது பெற்றார். மங்கின் நடையையும் கையசைவையும் அவர் பிடிக்கும்வரை சிரிப்பு. அவருக்குள் மங்கின் துயரமும் இறங்கி, ட்ரூடியின் கொலைகாரனைத் தேடிப் புறப்படும்போது சிரிப்பு நின்றுவிடுகிறது. இறுதியில் இந்தப் பாத்திரத்தின் இருள் தாங்காமல் படத்தை விட்டுவிட்டு ஹேம்லெட் வேடமேற்கப் போகிறார். ஹேம்லெட் இதைவிட இலேசாக இருக்குமாம். தொடரிலேயே மிகக் கூர்மையான நகைச்சுவை இதுதான். நாம் வாரம்தோறும் சிரித்துப் பார்க்கும் மனிதரின் உள்ளே என்ன இருக்கிறது என்று தொடர் தானே நம்மிடம் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது, மூன்றாம் பருவத்தின் இறுதியில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்றை மங்க் சில நாள் வளர்க்கும் கதை. குழந்தை என்றால் அழுக்கு, ஒழுங்கின்மை, கூச்சல். அவருக்கு அவ்வளவும் பொறுக்கிறது; வளர்த்துவிடலாம் என்றே நம்பத் தொடங்குகிறார். பிறகு தம்மால் இயலாது என்பதைத் தாமே உணர்ந்து ஒப்படைக்கிறார். நோய் ஒரு மனிதரிடமிருந்து எதைப் பறிக்கிறது என்பதை இதைவிட நேராக இத்தொடர் எங்கும் சொல்லவில்லை. வரத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

முடிவு

2009இல் இரு பகுதிகளாக வந்த இறுதிக்கதையை 94 இலட்சம் பேர் அளவில் பார்த்தனர். அன்றைய அமெரிக்கக் கேபிள் தொலைக்காட்சி நாடகங்களில் அது ஒரு சாதனை. மங்கைக் கொல்ல அவருடைய ஈரத்துடைப்பானிலேயே நஞ்சு வைக்கப்படுகிறது. தூய்மைக்காக எடுப்பதே உயிரைக் குடிக்கிறது. இதைவிடப் பொருத்தமான ஆயுதத்தை இந்தப் பாத்திரத்துக்கு யாரும் எண்ணியிருக்க முடியாது. சாவை எதிர்நோக்கும் அவர், ட்ரூடி கிறிஸ்துமசுக்காகக் கட்டி வைத்துவிட்டுப் போன பரிசுப் பொட்டலத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் பிரிக்கிறார். உள்ளே ஓர் ஒளிநாடா. அதில் தனக்கு ஏதாவது நேர்ந்தால் காரணம் என்ன என்று ட்ரூடியே சொல்கிறாள்.

விடை இத்தனை காலமும் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறது. பிரித்துவிட்டால் ட்ரூடியிடமிருந்து வர இனி எதுவும் இராதே என்ற அச்சம்தான் அவரைத் தடுத்தது. எதையும் விட முடியாத குணம் ஆயிரம் வழக்குகளை அவிழ்த்தது, இந்த ஒரு வழக்கை மட்டும் மூடியே வைத்திருந்தது. பாத்திரப் படைப்பு என்ற வகையில் அபாரமான முடிவு.

துப்பறியும் கதை என்ற வகையில் அது ஏமாற்றம். குற்றவாளியான நீதிபதி ரிக்கோவர் இறுதிக்கதையில்தான் முதன்முறையாக வருகிறார். ஆறு விரல் மனிதனைத் தேடிப் பல பருவங்கள் அலைந்த பார்வையாளருக்கு அந்த இழை பெரிதாக எதையும் தரவில்லை. உலகின் தலைசிறந்த துப்பறிவாளர் தம் வாழ்வின் முக்கிய வழக்கை அறிவால் தீர்க்கவில்லை. இறந்தவள் பெயரைச் சொல்லிவிடுகிறாள். சடலம் எங்கே புதைக்கப்பட்டது என்பதைக் கண்டறிவது மட்டுமே அவருக்கு மிஞ்சுகிறது.

அதன் பிறகு வருவது இந்த ஏமாற்றத்தைப் பெருமளவு ஈடுசெய்கிறது. கொலையாளி அகப்பட்டும் மங்குக்கு நிம்மதி வருவதில்லை, வெறுமைதான் மிஞ்சுகிறது. திருமணத்துக்கு முன் ட்ரூடி பெற்று, இறந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட மகள் மோலி உயிருடன் இருக்கிறாள் என்று தெரியவந்த பின்தான் அவர் முகம் தெளிகிறது. மோலி திரைப்பட விமர்சகர் என்பது எழுத்தாளர்களின் குறும்பு. இந்தத் தொடர் எட்டு ஆண்டுகளாகத் தர மறுத்த குணத்தை அவர் ஓரளவு பெறுவது வழக்கு முடிந்ததால் அல்ல, பார்த்துக்கொள்ள ஒருத்தி கிடைத்ததால். இறுதிக்குச் சற்று முன்பு, ஏங்கிக் கிடந்த காவல்துறைப் பணி திரும்பக் கிடைத்தும் அது தமக்கு ஒத்துவரவில்லை என்று மங்க் விட்டுவிடும் அத்தியாயமும் இதே வழியில் எழுதப்பட்டது.

2023 டிசம்பரில் பீகாக் ஓடைத்தளத்தில் வந்த திரைப்படம் இந்த அமைதியைக் கலைத்தது. பெருந்தொற்றுக் காலம் மங்கை மீண்டும் பழைய நிலைக்குத் தள்ளியிருக்கிறது. மோலியின் வருங்காலக் கணவர் திருமணத்துக்கு முன் இறக்கிறார். மங்க் வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்துடன் மாத்திரைகளைச் சேர்த்து வைத்திருக்கிறார். ட்ரூடியின் உருவம் வந்து அவருடன் பேசுகிறது. வழக்கு சுமாரானது, யார் செய்தார் என்பதில் புதிரே இல்லை. ஆனால் உலகமே கை கழுவிக்கொண்டும் முகமூடி அணிந்துகொண்டும் இருந்த ஆண்டுகள் மங்குக்கு நகைச்சுவையாக இருந்திருக்கும் என்று எதிர்பார்த்தவர்களுக்குப் படம் வேறு ஒன்றைக் காட்டியது. தொலைக்காட்சியில் வாரந்தோறும் புதுப்பிக்கப்பட்ட நோய், இங்கே மீண்டும் திரும்பும் உண்மையான நோயாக இருக்கிறது.

புதிதாகப் பார்க்கத் தொடங்குவோர் 125 அத்தியாயங்களையும் வரிசையாகப் பார்க்க வேண்டியதில்லை. முதல் மூன்று பருவங்களை முழுதாகப் பார்க்கலாம். பிறகு ஐந்தாம் பருவத்தில் நடிகர் வரும் அத்தியாயத்தையும், ஆறாம் பருவத்தில் கேப்டனின் காதலி வரும் அத்தியாயத்தையும், எட்டாம் பருவத்தில் மங்கும் அவருடைய பரம எதிரியான சக நோயாளி ஹெரால்டும் ஒரு காரின் பின்பெட்டிக்குள் அடைபடும் அத்தியாயத்தையும் பார்த்துவிட்டு இறுதிக்கதைக்குப் போய்விடலாம். அந்தப் பின்பெட்டிக் காட்சியில் இருட்டுக்கும் நெருக்கத்துக்கும் அஞ்சும் இரண்டு பேர் ஒருவரையொருவர் தேற்றுகிறார்கள். க்ரோகரின் அறையில் இத்தனை ஆண்டுகள் நடந்திருக்க வேண்டிய சிகிச்சை அங்கேதான் நடக்கிறது.